ஹாஃப்-லைஃப் நிஜமாகவே அவ்வளவு பெரிய கேமா, இல்லை பழைய பாசமா?

குடியாத்தம்_கிச்சா:

எல்லாருக்கும் வணக்கம். 2023 நவம்பரில் ஹாஃப்-லைஃப் என்ற ஷூட்டர் கேம் வந்து 25 வருடம் ஆனது என்று, கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் சில நாள் இலவசமாகக் கொடுத்தார்களே, அப்போது லைப்ரரியில் சேர்த்துப் போட்டதோடு சரி. இந்த செமஸ்டர் லீவில்தான் உட்கார்ந்து கடைசி வரைக்கும் ஆடி முடித்தேன்.

நேராகவே கேட்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். யூட்யூபில் யாரைப் பார்த்தாலும் ஷூட்டர் கேம் என்றால் ஹாஃப்-லைஃபுக்கு முன்னால், ஹாஃப்-லைஃபுக்குப் பின்னால் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. மோசம் என்று சொல்லவில்லை, நல்ல கேம்தான். ஆனால் எடுத்தவுடனே ஒரு டிராமில் நிற்க வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கையில் துப்பாக்கியே இல்லை. கடைசியில் ஸென் என்று ஒரு வேற்றுலகம், அதில் மிதக்கிற பாறையிலிருந்து பாறைக்குத் தாவு, விழு, லோட் பண்ணு, மறுபடி விழு. நடுவில் ராணுவக்காரர்களோடு வருகிற சண்டை மட்டும் உண்மையிலேயே பிடித்தது, அதில் ஒரு தடவை கன்டெய்னருக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைக் குண்டு வீசி வெளியே துரத்தினார்கள், அசந்துவிட்டேன். மற்றபடி நாம் ஆடுகிற ஹீரோ கார்டன் ஃப்ரீமேன் வாயைத் திறப்பதே இல்லை, கோட்டு சூட்டு போட்ட அந்த ஆள் யார் என்று கடைசி வரை சொல்வதும் இல்லை.

நான் 2005-ல் பிறந்தவன், ஃபோனில் பப்ஜி ஆடி வளர்ந்த கூட்டம். எங்கள் தெருவில் ஒரு அண்ணனிடம் கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலத்துல ஆடியிருக்கணும்டா" என்று முடித்துவிட்டார். அது பதில் இல்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் அந்தக் காலத்தில் ஆடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். இந்த கேமால் நிஜமாகவே எது மாறியது? பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.


தோட்டப்பாளையம்_பாய்:

தம்பி, 2002-க்கு அப்புறம் சில வருடம் தோட்டப்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். உள்ளதைச் சொல்கிறேன். என் கடைக்கு வந்த பசங்களில் ஹாஃப்-லைஃப் ஆடியவன் என்று யாரையும் எனக்கு நினைவில்லை. ஆனால் கடையில் இருந்த அத்தனை சிஸ்டத்திலும் ஹாஃப்-லைஃப் இருந்தது.

எப்படி என்றால், ஸ்கூல் விட்டதும் பையைக்கூட இறக்காமல் "பாய், சிஎஸ் போடுங்க" என்று வந்து நிற்பார்கள். டெஸ்க்டாப்பில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.5 ஐகான் இருக்கும். அதை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் தெரியும் சங்கதி. சி டிரைவில் சியரா என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஹாஃப்-லைஃப், அதற்குள் எச்எல் டாட் எக்ஸி. அதன் வாலில் "கேம் சிஸ்ட்ரைக்" என்று இரண்டு வார்த்தை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த வால்தான் கவுண்டர்-ஸ்ட்ரைக். கனடாவில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த மின் லீ என்ற பையனும், ஜெஸ் கிளிஃப் என்ற இன்னொருவனும் 1999-ல் ஹாஃப்-லைஃப் மேல் ஏற்றிச் செய்த மாட் அது, அதாவது இருக்கிற கேமை ரசிகர்களே மாற்றிச் செய்வது. நெட்டில் சும்மா கொடுத்தார்கள். மறு வருடமே ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் கம்பெனி அதை வாங்கி, அவர்களையும் சேர்த்துக்கொண்டு, பெட்டியில் போட்டு விற்றது. நீ இன்றைக்குப் பார்க்கிற கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வரைக்கும் அந்த வாலிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு விஷயம், யாரும் இதைச் சொல்வதில்லை. எங்கள் சிஸ்டங்களில் கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது, போர்டிலேயே இருக்கிறதை வைத்து ஓட்டினோம். ஹாஃப்-லைஃபுக்கு அவர்கள் கேட்டது பென்டியம் 133, 24 எம்பி ராம். கார்டு இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் மோடில் போட்டால் ஓடும், படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், யார் கவலைப்பட்டார்கள்? வேலூர் மாதிரி ஊரில் ஏழெட்டு செலரான் சிஸ்டத்தை ஒரு ஹப்பில் கட்டிவிட்டு மணிக்கு இவ்வளவு என்று கடை நடத்த முடிந்தது இதனால்தான். அதே சமயத்தில் வந்த வேறு சில கேம்களைப் போட்டால் சிஸ்டம் மூச்சு வாங்கும்.

மவுஸ்தான் பெரிய தலைவலி. அப்போது எல்லாம் அடியில் ரப்பர் பந்து வைத்த மவுஸ். ஏசி கிடையாது, மே மாதத்து வேலூர் வெயில், கை வியர்வையும் அழுக்கும் சேர்ந்து உள்ளே இருக்கிற சின்ன ரோலரில் கறுப்பாகப் படிந்துவிடும், நகத்தால் சுரண்டினால்தான் போகும். டஸ்ட் 2 என்கிற மேப்பில், அதாவது ஆட்டம் நடக்கிற இடத்தில், நடுக் கதவுக்கு நேராக நிற்கும்போது மவுஸ் சிக்கினால் பையன் கத்துகிற கத்தல் பக்கத்து டீக்கடைக்குக் கேட்கும். தோற்றவன் கோபத்தில் பந்தையே கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவான். கடைசியில் எல்லா மவுஸுக்கும் அடி மூடியை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன், அப்புறம் சுத்தம் பண்ண முடியவில்லை, அது வேறு கதை.

ஒருநாள் கடையைச் சாத்திய பிறகு அந்த வாலை மட்டும் அழித்துவிட்டு ஐகானைத் தட்டினேன். உன் டிராம் வந்தது. எனக்கு அது போரடிக்கவில்லை தம்பி. நாள் முழுக்க பசங்க சுட்டுக்கொண்டே இருந்த அதே கேம், இங்கே யாரும் யாரையும் சுடவில்லை, ஒருவன் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.


குடியாத்தம்_கிச்சா:

பாய், கவுண்டர்-ஸ்ட்ரைக் ஹாஃப்-லைஃபுக்குள்ளேயே இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எம்-சீல் சூப்பர். ஆனால் இது மாட் பண்ணியவர்களின் பெருமை இல்லையா? கேமுக்கு என்ன பெருமை?


ராணிப்பேட்டை_ரம்யா:

கிச்சா, அந்தக் கேள்விக்கு வேறு யாராவது பதில் சொல்லட்டும், எனக்குப் பிடித்த இடத்தை நீயே முதல் பதிவில் தொட்டுவிட்டாய். அந்த ராணுவக்காரர்கள்.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவள். வால்வ் இந்த கேமின் விதிகள் இருக்கிற பகுதியின் சோர்ஸ் கோடை மாட் செய்கிறவர்களுக்காக வெளியே கொடுத்தது, இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காலேஜில் சி பிளஸ் பிளஸ் எனக்குப் பிடிபட்டது அதைப் படித்துத்தான், பாடப் புத்தகத்தில் வருகிற வங்கிக் கணக்கு உதாரணத்தால் இல்லை. ராணுவக்காரனுக்கான ஃபைலைத் திறந்தால் பெரிய மூளை எதுவும் இருக்காது. ஒரு குழுவுக்கு, எதிரியைப் பார்த்துச் சுட இரண்டே இரண்டு இடம். இரண்டு பேர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் மூன்றாமவனுக்குச் சுட அனுமதி இல்லை, அவன் வேறு வேலை தேட வேண்டும். மறைவிடத்துக்கு ஓடுவான், இல்லை குண்டு வீசுகிற இடம் காலியாக இருந்தால் அதை எடுத்துக்கொள்வான். இவ்வளவுதான். ஆனால் கன்டெய்னருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற உனக்கு என்ன தெரிகிறது? இரண்டு பேர் உன்னைக் கட்டிப் போட்டுச் சுடுகிறார்கள், ஒருவன் பக்கவாட்டில் சுற்றி வருகிறான், இன்னொருவன் குண்டு வீசுகிறான், நடுநடுவே வாக்கி-டாக்கியில் பேசிக்கொள்கிறார்கள். திட்டம் போட்டு வருகிறார்கள் என்று நீயே நம்பிக்கொள்கிறாய். எல்லாரும் ஒரே நேரத்தில் சுடக் கூடாது என்ற ஒரு சின்னக் கட்டுப்பாட்டிலிருந்து இந்த மாயம் முழுவதும் வருகிறது. எதிரிகள் முறை வைத்துத் தாக்குகிற வழக்கம் இன்றைக்கு நீ ஆடுகிற பல கேம்களில் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

அவர்கள் முதலில் வருகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? விஞ்ஞானி ஒருவன், காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று கையை உயர்த்திக்கொண்டு ஓடுவான், அவனையே சுட்டுவிடுவார்கள். அந்த இடத்தில் கேம் உன் கையிலிருந்து கண்ட்ரோலைப் பிடுங்கவில்லை, சினிமா மாதிரி வெட்டிக் காட்டவும் இல்லை. நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் காட்சியே உனக்குப் போச்சு. 1998-ல் இதுதான் துணிச்சல். அதுவரை பெரும்பாலும் கதை சொல்ல வேண்டும் என்றால் ஆட்டத்தை நிறுத்தி ஒரு வீடியோ ஓட்டுவார்கள், இல்லை என்றால் இரண்டு பத்தி எழுதிப் போடுவார்கள்.

கென் பேர்ட்வெல் என்று அந்த டீமில் இருந்தவர் 1999-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார், தேடினால் கிடைக்கும். 1997 கடைசியில் வெளியிட வேண்டிய கேமை, சுவாரஸ்யமாக இல்லை என்று அவர்களே முடிவு செய்து கிட்டத்தட்ட முதலிலிருந்து மறுபடி செய்திருக்கிறார்கள். அப்போது பிடித்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: சம்பவங்களை நேரத்தால் அளக்காதே, தூரத்தால் அள. அதாவது இத்தனை விநாடிக்கு ஒரு எதிரி என்று வைக்காமல், ஆட்டக்காரன் இத்தனை அடி நகர்ந்தால் ஏதாவது நடக்க வேண்டும். மெதுவாகப் போகிறவனுக்கு மெதுவாக நடக்கும், ஓடுகிறவனுக்கு ஓடி வரும். நீ ஆட்டத்தை நிறுத்தாமல் கடைசி வரை போனதற்குக் காரணம் இதுதான், நீ கவனிக்கவில்லை அவ்வளவே.

இன்னும் ஒன்று. லேபில் தரையில் கரப்பான் பூச்சி ஓடும், பார்த்தாயா? கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அதற்கும் தனியாக ஒரு ஃபைல். வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கிறது, வெளிச்சம் மாறினால் பயந்து ஓடுகிறது, பக்கத்தில் தீனி இருந்தால் மோப்பம் பிடித்து அங்கே போகிறது, மிதித்தால் நசுங்குகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்.

அப்புறம் அந்த மினுக்குகிற ட்யூப் லைட். அது 1996-ல் வந்த க்வேக் என்ற கேமிலிருந்து எடுத்தது, ஹாஃப்-லைஃப் என்ஜினே (கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்) க்வேக் என்ஜினை அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேரிடம் வாங்கி மாற்றியதுதானே. எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள், ஏ என்றால் இருட்டு, எம் என்றால் சாதாரண வெளிச்சம், நொடிக்குப் பத்து எழுத்து. எம், எம், ஏ, எம், ஏ என்று போகும். 2020-ல் கண்ணில் மாட்டுகிற விஆர் ஹெட்செட்டுக்கு வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸிலும் அதே துடிப்பில் விளக்கு மினுக்குகிறது. என்ஜின் முழுக்க மாறிப் போச்சு, இது மட்டும் அப்படியே கூட வந்திருக்கிறது.


கசப்பு_காப்பி:

எல்லாரும் சாமி ஆடுகிறீர்கள், கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

கிச்சா கேட்டது நியாயமான கேள்வி. மாட் கலாசாரத்தை ஹாஃப்-லைஃப் ஆரம்பித்ததா? இல்லை. 1993-ல் டூம் வந்தபோதே மேப், படம், சத்தம் எல்லாவற்றையும் வாட் என்று தனி ஃபைலில் வைத்து, பிரித்து மாற்றிக்கொள் என்று விட்டவர்கள் ஐடி சாஃப்ட்வேர்காரர்கள். 1997-ல் டூம் சோர்ஸையும், 1999-ல் க்வேக் சோர்ஸையும் முழுதாகக் கொடுத்தார்கள். வால்வ் கொடுத்தது ரம்யா சொன்ன அந்த ஒரு பகுதிதான், ஹாஃப்-லைஃப் என்ஜினை இன்றுவரை முழுதாகத் திறந்துவிடவில்லை. தாராள மனசு யாருக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தத் தூரக் கணக்கு, கண்ட்ரோலைப் பிடுங்காத கதை, எல்லாம் சரி. அதன் மறுபக்கம் என்ன? ஒரே பாதை. கார்டன் ஃப்ரீமேனுக்கு எங்கேயாவது இடதா வலதா என்று நிஜமான முடிவு இருக்கிறதா? முன்னால் போ, அவ்வளவுதான். 1994-ல் வந்த சிஸ்டம் ஷாக்கில் ஒரு விண்வெளி நிலையம் முழுவதையும் உன் இஷ்டத்துக்குச் சுற்றலாம். 2000-ல் டியூஸ் எக்ஸ் வந்தது, ஒரே கட்டடத்துக்குள் நுழைய நாலு வழி. அந்தப் பக்கம் போயிருக்க வேண்டிய ஷூட்டர்கள், ஹாஃப்-லைஃபின் வெற்றியைப் பார்த்துவிட்டு வரிசையாக ஒரே நடைபாதைக்குள் புகுந்துகொண்டன. அடுத்த பத்து வருடம் நடந்துகொண்டே போவோம், மேலே ஹெலிகாப்டர் விழும், பக்கத்தில் கட்டடம் இடியும், நாம் வேடிக்கை பார்ப்போம். இதுவும் அதே கேம் விட்டுப் போன சொத்துதான், இதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

மூன்றாவது, ஸ்டீம். 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தபோது, கடையில் டிஸ்க் வாங்கினாலும் ஸ்டீமில் கணக்கு திறந்து நெட்டில் பதிவு செய்தால்தான் ஓடும் என்று வைத்தார்கள். வேலூரில் அன்றைக்கு வீட்டில் நெட் என்றால் டெலிஃபோன் லைனில் கீச்சு கீச்சு என்று கத்துகிற மோடம். அந்த கேம் அளவுக்கு எல்லாரும் ஆசைப்பட்ட ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கட்டாயத்தை யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். இன்றைக்கு நாம் கேமை வாங்குவதில்லை, ஆட அனுமதி வாங்குகிறோம். அதற்குக் கதவைத் திறந்ததில் கார்டன் ஃப்ரீமேனுக்குப் பெரிய பங்கு உண்டு. 2007-ல் அதன் தொடர்ச்சியான எபிசோட் டூவைப் பாதியில் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள், அதற்கு அடுத்த கதை இன்னும் வரவில்லை. அலிக்ஸ் நல்ல கேம்தான், ஆனால் அதை ஆட விஆர் ஹெட்செட் வேண்டும், அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கலாம்.

ஸென் மோசம் என்பதில் கிச்சாவோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன்.


தோட்டப்பாளையம்_பாய்:

காப்பி, உன் வாயில் சர்க்கரையைப் போட! ஆனால் ஒன்று, நடைபாதை ஒன்றாக இருந்தாலும் அதில் சத்தத்தை வைத்து ஒரு ஆட்டம் ஆடினார்களே, ராக்கெட் என்ஜினுக்குக் கீழே அந்த மூன்று தலை ஜந்து. அதற்குக் கண் கிடையாது, காதுதான். சத்தம் வருகிற இடத்தில் நச்சென்று கொத்தும். ஒரு குண்டை அந்தக் கோடிக்கு எறிந்துவிட்டு இந்தக் கோடியில் பூனை மாதிரி நடக்க வேண்டும். கடையில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஆடினபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஹெட்போன் மாட்டின பிறகுதான் உயிர் போச்சு.


கோட்டை_மேப்பர்:

கிச்சாவின் "மாட் பண்ணியவர்களின் பெருமை இல்லையா" என்ற கேள்விக்கு நான் வருகிறேன். டூம் முந்தியது என்று காப்பி சொன்னது சரிதான். வித்தியாசம் என்னவென்றால், ஐடி கதவைத் திறந்து வைத்தது, வால்வ் உள்ளே வந்தவர்களுக்கு நாற்காலி போட்டது. ஹாஃப்-லைஃபைச் செய்தவர்களிலேயே சில பேர் அந்த வழியில் வந்தவர்கள். ஜான் கத்ரியும் ஸ்டீவ் பாண்டும் க்வேக் ரசிகர் தளம் நடத்தியவர்கள். யான் பெர்னியர் பேட்டன்ட் வக்கீலாக இருந்துகொண்டே க்வேக்குக்கு எடிட்டர் எழுதியவர். க்வேக்குக்கு டீம் ஃபோர்ட்ரஸ் என்ற மாட் செய்த ஆஸ்திரேலியப் பையன்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பிற்பாடு போர்ட்டல் என்ற கேம் வந்ததுகூட மாணவர்கள் செய்த ஒரு ப்ராஜெக்டைப் பார்த்து அந்த டீமையே சேர்த்துக்கொண்டதால்தான். மேப் போடுகிற எடிட்டர் வேர்ல்ட்கிராஃப்ட், அதுவும் பென் மாரிஸ் என்ற ஒரு தனி ஆள் எழுதியது, வால்வ் வாங்கி, கேமோடு சும்மா கொடுத்து, பிறகு ஹாமர் என்று பெயர் மாற்றியது. அந்தக் கருவி ஒரு வேலூர் பையன் கையில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நான் வேலூர் கோட்டையை கவுண்டர்-ஸ்ட்ரைக் மேப்பாகக் கட்டினேன். கட்ட முயன்றேன் என்பதுதான் சரி, ஏனென்றால் முழுக் கோட்டையும் அதற்குள் அடங்காது. கேமில் ஆள் உயரம் 72 யூனிட், ஆகவே ஒரு யூனிட் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். மேப்பின் அதிகபட்ச அகலம் 8192 யூனிட், கணக்குப் போட்டால் 680 அடி சொச்சம். கோட்டையோ சுமார் 133 ஏக்கர். அதனால் கிழக்கு மதிலின் ஒரு துண்டு, கொஞ்சம் அகழி, மேலே ஏறுகிற சரிவு, ஒரு கொத்தளம், அவ்வளவோடு நிறுத்தினேன். கோயில், சர்ச், மசூதி மூன்றையும் சேர்க்கவில்லை. சுடுகிற ஆட்டத்தில் அவை எதற்கு?

இந்த எடிட்டரில் எல்லாமே கல் கல்லாகக் கட்டுவது. பிரஷ் என்பார்கள். எந்தப் பிரஷிலும் உள்பக்கம் குழிந்த முகம் வரக் கூடாது, அதனால் மதில் மேல் வருகிற வளைந்த கைப்பிடிச் சுவரைச் சின்னச் சின்ன ஆப்பாக வெட்டி அடுக்க வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு யூனிட் இடைவெளி விட்டாலும் லீக். மேப்புக்கு உள்ளே இருக்கிற வெற்றிடம் வெளியே இருக்கிற சூன்யத்தோடு சேர்ந்துவிட்டால், மேப்பை ஆடக்கூடிய ஃபைலாக மாற்றுகிற கம்பைல் பாதியில் படுத்துவிடும். எங்கே ஓட்டை என்று தேட எடிட்டரில் ஒரு கோடு இழுத்துக் காட்டும், உள்ளே நிற்கிற ஆளிடமிருந்து புறப்பட்டு வளைந்து வளைந்து அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். அதன் பின்னாலேயே போக வேண்டும். வானம்கூடப் பெட்டி மூடி மாதிரி ஒரு கல்தான், அதில் ஆகாயப் படம் ஒட்டியிருக்கும்.

அடைத்து முடித்த பிறகு விஸ் என்று ஒரு வேலை. மேப்பைத் துண்டு துண்டாக்கி, இந்தத் துண்டில் நின்றால் எந்தெந்தத் துண்டு தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கும். அப்புறம் ராட், வெளிச்சம் சுவரில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும். அன்றைய சிஸ்டத்தில் ராத்திரி படுக்கும்போது போட்டுவிட்டுக் காலையில் பார்ப்பேன். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. எங்கள் பக்கம் கரண்ட் போகாத ராத்திரி எது?

இங்கேதான் எனக்கு அந்த என்ஜின் புரிந்தது. வெட்டவெளியை அதற்குப் பிடிக்காது. அகழிக்கரையில் நின்றால் மதில் முழுக்கத் தெரியும், எல்லாத் துண்டும் எல்லாத் துண்டையும் பார்க்கும், ஆட்டம் தத்தித் தத்தி ஓடும். மறைக்க வேண்டும், பாதையைத் திருப்ப வேண்டும். பழைய காலத்துக் கோட்டைகளில் வாசலை நேராக விடாமல் வளைத்து வளைத்து விடுவார்களே, வருகிறவன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடக் கூடாது என்று, அதே வேலையைத்தான் நானும் செய்தேன், எதிரிக்காக இல்லை, விஸ்ஸுக்காக. வாசலில் இரண்டு திருப்பம் போட்டதும் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது, கூடவே அந்தத் திருப்பம்தான் மேப்பிலேயே நல்ல சண்டை நடக்கிற இடமாகவும் ஆனது. அப்போதுதான் ஹாஃப்-லைஃப் நடக்கிற ஆராய்ச்சிக்கூடம் பிளாக் மெசா ஏன் இப்படி வளைந்த தாழ்வாரமும் லிஃப்டும் டிராமுமாக இருக்கிறது என்று தெரிந்தது. காப்பி திட்டுகிற அந்த ஒற்றை நடைபாதையில் பாதி கதாசிரியர் முடிவு, பாதி இந்தக் கணக்கு.

ஹாஸ்டலில் லேன் நெட்வொர்க்கில் போட்டுக் கொஞ்ச நாள் ஆடினோம். ஒருத்தன் தன் ஸ்கூலையே கட்டிக்கொண்டு வந்தான், ஹெட்மாஸ்டர் ரூமில் பாம் வைக்கிற மாதிரி. அவன் இன்றைக்குக் கட்டட டிராயிங் போடுகிற வேலையில் இருக்கிறான். கிச்சா, நீ ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் பார்த்திருப்பாயே, அது ஓடுவது வால்வின் சோர்ஸ் என்ற பெயருள்ள என்ஜினை மாற்றிச் செய்ததில். அந்த சோர்ஸுக்கு அப்பா ஹாஃப்-லைஃப் என்ஜின், தாத்தா க்வேக்.


கசப்பு_காப்பி:

மேப்பர், வாசல் விஷயத்தில் நீ ஜெயித்தாய், ஒப்புக்கொள்கிறேன். ஸ்டீம் விஷயத்தில் நான் விடமாட்டேன்.


குடியாத்தம்_கிச்சா:

நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. ரம்யா அக்கா, அந்த ராணுவக்காரன் ஃபைலைத் தேடி எடுத்துவிட்டேன், இரண்டு இடம்தான், நிஜம். மேப்பர் அண்ணா, இன்றைக்கு மேப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் எதில் ஆரம்பிக்க? இன்னொன்று, ஹாஃப்-லைஃபையே ரசிகர்கள் மறுபடி செய்த பிளாக் மெசா என்ற கேம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், முதலில் அதையே ஆடியிருக்கலாமோ?


ராணிப்பேட்டை_ரம்யா:

பிளாக் மெசா 2012-ல் மாடாக வந்தது, 2020-ல்தான் முழுமையாக முடித்தார்கள். ஸென் பகுதியைக் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள், உனக்குப் பிடிக்காத தாவல் அதில் குறைவு, அழகும் அதிகம். ஆனால் பழையதை முதலில் ஆடியதுதான் நல்லது. அடுத்ததாக ஆப்போசிங் ஃபோர்ஸ் ஆடு, 1999-ல் கியர்பாக்ஸ் செய்தது, அதில் நீயே அந்த ராணுவக்காரர்களில் ஒருவன். யாரைச் சுட்டாயோ அவன் பக்கத்திலிருந்து அதே கட்டடத்தைப் பார்க்கலாம்.


கோட்டை_மேப்பர்:

ஹாமரே இன்னும் கிடைக்கிறது, ட்ரெஞ்ச்புரூம் என்ற எடிட்டர் இன்னும் எளிது. முதலில் ஒரே ஒரு அறை, ஒரு விளக்கு, ஆள் நிற்கிற ஒரு இடம். அது லீக் இல்லாமல் கம்பைல் ஆனால் பக்கத்தில் இன்னொரு அறை. எடுத்தவுடனே குடியாத்தம் பஸ் ஸ்டாண்டைக் கட்டப் போகாதே. இப்போதைய சிஸ்டத்தில் விஸ், ராட் எல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.


ராணிப்பேட்டை_ரம்யா:

மேப்பர், உங்கள் கோட்டையில் கரப்பான் பூச்சி விட்டீர்களா இல்லையா?


கோட்டை_மேப்பர்:

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் அது வராதும்மா, அதில் ஜந்துகளே கிடையாது. ஹாஃப்-லைஃப் மேப்பாக மாற்றினால்தான் விட முடியும். ஃபைல் ஒரு பழைய சிடியில் இருக்கிறது, சிடி டிரைவ் வைத்த சிஸ்டம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.


தோட்டப்பாளையம்_பாய்:

என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, மவுஸ் மட்டும் நீ கொண்டு வா.